லத்தீனில் பச்சை குத்தப் போகிறீர்களா? ஊசிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

இடது முன்கையில் ஸ்டென்சில் (ஊசி பின்தொடர வேண்டிய எழுத்து மாதிரி) ஒட்டியாகிவிட்டது. ஊதா நிறத்தில் மூன்று லத்தீன் சொற்கள். டாட்டூ போடுபவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் சும்மா ஒரு படம் எடுத்துத் தோழியின் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் கத்தோலிக்கக் குரு, ரோமில் படித்தவர். அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது: "யாரும்மா எழுதிக் கொடுத்தது? வேற்றுமை தப்பு. பாலும் தப்பு."

ஸ்டென்சிலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு எழுந்து வந்தேன். முன்பணம் 2,000 ரூபாய் போனது. தோலில் ஏறியிருந்தால் போயிருக்கக்கூடியதை நினைத்தால் அது காசே இல்லை. சரியான வரியைக் கண்டுபிடித்துக் குத்திக்கொள்ள அதற்குப் பிறகு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் ஐந்து வாரத்தில் முடித்துவிடலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். லத்தீன் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பாகத்தான் தருகிறேன். இதிலிருந்து எதையும் நகலெடுத்துக் குத்திக்கொள்ளாதீர்கள். எழுத்துக்கூட்டலை அகராதியில் நீங்களே தேடி எடுப்பதும் வேலையில் ஒரு பகுதி.

1. ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழில் எழுதுங்கள்

டாட்டூ வாசகத்தை நம்மில் பலர் ஆங்கிலத்தில்தான் யோசிக்கிறோம். அதை அப்படியே இணைய மொழிபெயர்ப்பானில் போடுகிறோம். அங்கேதான் வினை ஆரம்பம். ஆங்கில 'யூ' ஒருவரைக் குறிக்கிறதா, பலரையா என்று சொல்லாது. லத்தீனுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

லத்தீனுக்கும் தமிழுக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. ஆனால் சொல்லுக்கு வால் ஒட்டிப் பொருளை மாற்றும் பழக்கம் இரண்டுக்கும் உண்டு. அம்மா, அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவின் என்று நாம் சொல்வது அங்கே மாதேர், மாத்ரெம், மாத்ரி, மாத்ரிஸ். 'எழுவேன்' என்றாலே 'நான்' உள்ளே வந்துவிடுவதைப் போல, லத்தீன் வினைமுற்றிலும் எழுவாய் ஒளிந்திருக்கும். சொற்களை முன்பின் மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது. ஆகவே உங்கள் வரியை முதலில் நல்ல தமிழில் எழுதுங்கள். எழுதி, பக்கத்திலேயே இவற்றுக்கும் பதில் எழுதுங்கள்: சொல்வது யார்? கேட்பது யார், ஒருவரா பலரா? வரியில் வருபவர் ஆணா பெண்ணா? இது கட்டளையா, ஆசையா, நடந்த செய்தியா?

என் தாளில் இருந்தது: "உன்னையே நம்பு. எனக்கு நானே சொல்லிக்கொள்வது. நான் பெண். ஒருமை. கட்டளை." இந்த ஐந்து துணுக்குகளை முதல் தடவையே எழுதியிருந்தால் அந்த 2,000 ரூபாய் பிழைத்திருக்கும்.

2. ஆயத்த வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள்

ஏற்கெனவே புழங்கிவரும் லத்தீன் வரி உங்கள் பொருளுக்குப் பொருந்தினால் அதை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இலக்கணக் கவலையே இல்லை. 'தும் ஸ்பீரோ ஸ்பேரோ' (மூச்சிருக்கும் வரை நம்பிக்கை) அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக்கே குறிக்கோள் வாசகம். 'எஸ்ஸே குவாம் விதேரி' (தோற்றத்தைவிட உண்மையே மேல்) வட கரோலினாவுடையது.

ஆனால் ஆயத்த வரிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 'ஸிக் ஸெம்பெர் திரான்னிஸ்' (கொடுங்கோலர்களுக்கு எப்போதும் இதுதான் கதி) கேட்க வீரமாக இருக்கும். வர்ஜீனியா மாநில முத்திரையிலும் உண்டு. 1865இல் லிங்கனைச் சுட்டவன் கத்திய வாசகமும் அதுதான். அமெரிக்க விசாவுக்குப் போகும் கையில் அது வேண்டுமா என்று யோசியுங்கள்.

எனக்கு முதலில் பிடித்தது 'ரெஸுர்கம்' என்ற ஒற்றைச் சொல். 'மீண்டும் எழுவேன்' என்று பொருள். லண்டன் புனித பவுல் பேராலயத்தில் ஃபீனிக்ஸ் பறவைக்குக் கீழே செதுக்கியிருக்கிறார்கள். இலக்கணச் சுத்தம், எட்டே எழுத்து. ஃபாதரிடம் சொன்னேன், சிரித்தார். "கல்லறையில நிறைய பார்த்திருக்கேம்மா" என்றார். உயிர்த்தெழுதலைக் குறித்து ஆங்கிலேயக் கல்லறைகளில் காலங்காலமாகப் பொறிக்கும் சொல் அது. அப்புறம் தேடியதில் இன்னொன்றும் கிடைத்தது: 1879இல் இங்கிலாந்தில் கட்டிய ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு இதே பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டே மூழ்கியது, எழவில்லை. நான் அந்தச் சொல்லைக் கைவிட்டேன். உங்களுக்கு அது பொருட்டில்லை என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், தவறு ஏதுமில்லை.

இன்னொரு வகை பொறியும் உண்டு. லத்தீன் போலவே ஒலிக்கும், ஆனால் லத்தீனே இல்லை. 'இல்லெஜிதிமி நான் கார்போரண்டம்' என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பரவிய கேலி வாசகம். 'அந்தப் பயல்கள் உன்னை அரைத்துவிட இடம் கொடுக்காதே' என்பது உத்தேசப் பொருள். கார்போரண்டம் என்பது சாணைக்கல்லுக்குப் பயன்படும் பொருளின் வணிகப் பெயர்! நகைச்சுவை என்று தெரிந்தே குத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் குத்திக்கொண்டவர்கள் அதைவிட அதிகம் என்பது என் ஊகம்.

3. ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் உரசிப் பாருங்கள்

லூயிஸ்-ஷார்ட் என்ற லத்தீன்-ஆங்கில அகராதி 1879இல் வந்தது. இன்றும் அதைத்தான் எல்லாரும் திறக்கிறார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசம். சொல்லின் எல்லா வடிவங்களையும் அட்டவணையாகப் பார்க்க ஆங்கில விக்சனரி என்ற இணைய அகராதி போதும். அகராதியைத் திருப்பிப் பாருங்கள் என்பதுதான் முக்கியம். ஆங்கிலத்திலிருந்து ஒரு லத்தீன் சொல்லை எடுத்ததோடு நிறுத்தாமல், அந்த லத்தீன் சொல்லைத் தேடி அதன் எல்லாப் பொருள்களையும் படியுங்கள்.

ஏன் என்றால், இன்று நாம் சொல்லும் பல சொற்களுக்கு ரோமில் அந்தப் பொருளே கிடையாது. 'கனவைத் துரத்து' என்று போட ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். கனவுக்கு லத்தீனில் 'ஸோம்னியும்'. ஆனால் அது தூக்கத்தில் வரும் கனவு. லட்சியம் என்ற பொருள் அதில் ஏறவில்லை. போதாக்குறைக்கு 'வெறும் பிதற்றல், உளறல்' என்ற பொருளும் உண்டு. 'உன் உளறலைப் பின்தொடர்' என்று கையில் எழுதிக்கொண்டு திரிய வேண்டுமா? 'ஸ்பேஸ்' (நம்பிக்கை), 'ப்ரோபோஸிதும்' (எடுத்துக்கொண்ட நோக்கம்) போன்றவற்றைப் பாருங்கள்.

'ஃபமிலியா'வும் அப்படித்தான். குடும்பம் என்று நாம் நினைப்போம். ரோமில் அது வீட்டுத் தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லாரையும், அடிமைகள் உட்பட, குறித்தது. அடிமைகளை மட்டும் குறித்த இடங்களும் உண்டு. 'என் மக்கள்' என்று நாம் பாசமாகச் சொல்வதற்கு அவர்களிடம் 'மேயி' என்ற குட்டிச் சொல் இருக்கிறது. 'என்னுடையவர்கள்' என்று பொருள். எனக்கென்னவோ அதுதான் அழகு.

எனக்குப் பிடித்த விபத்து இது: 'லீபெர் ஸும்' என்றால் 'நான் சுதந்திரமானவன்'. 'லிபெர்' என்று குறிலாகச் சொன்னால் புத்தகம். எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. ஆக, நெஞ்சை நிமிர்த்தி 'நான் ஒரு புத்தகம்' என்று அறிவித்துக்கொண்டு போகலாம். பெண்ணுக்கு 'லீபெரா' என்று மாறும் என்பதால் நாம் தப்பித்தோம்.

4. வேற்றுமை, பால், எண்: நான் வழுக்கி விழுந்த இடம்

'நோஸ்கே தே இப்ஸும்' என்ற வாசகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'உன்னையே அறி'. நான் என்ன செய்தேன் என்றால், 'அறி'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'நம்பு' என்பதற்கான 'க்ரேதெ'யை வைத்தேன். 'க்ரேதெ தே இப்ஸும்.' மொழிபெயர்ப்பானில் போட்டுப் பார்த்தேன். 'உன்னை நம்பு' என்றே ஆங்கிலத்தில் காட்டியது. போதாதா? 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு இணையம் வழியாகச் சரிபார்த்துத் தருவதாகச் சொன்ன ஒருவரும் 'சரி' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்.

அதில் இரண்டு தப்பு. 'இப்ஸும்' ஆண்பால். என்னைக் குறித்தால் 'இப்ஸம்' என்று வர வேண்டும். அது சின்னத் தப்பு. பெரிய தப்பு, தமிழ் தெரிந்ததால் வந்தது. நாம் ஒருவரை நம்புகிறோம்: இரண்டாம் வேற்றுமை. ரோமானியர்களோ ஒருவருக்கு நம்புவார்கள்: நான்காம் வேற்றுமை. அந்த வினை அப்படித்தான் கேட்கிறது. 'என்னை நம்பு' என்பதற்கு 'க்ரேதெ மிஹி' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'எனக்கு நம்பு'. ஆகவே 'உன்னை' என்ற 'தே' போய் 'உனக்கு' என்ற 'திபி' வர வேண்டும்; 'இப்ஸும்' போய் 'இப்ஸி' வர வேண்டும். 'திபி இப்ஸி க்ரேதெ.' இதில் ஒரு லாபம்: 'இப்ஸி' நான்காம் வேற்றுமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பால் சிக்கலும் அதோடு தீர்ந்தது.

தமிழ் கைகொடுக்கிறதே என்று முழுக்கவும் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் வினைச்சொல்லை அகராதியில் பார்க்கும்போது, அது எந்த வேற்றுமையை ஏற்கும் என்று அங்கேயே போட்டிருக்கும். அதைப் படிக்காமல் பக்கத்தை மூடாதீர்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. 'க்ரேதெரே' என்பது ஒருவர் சொல்வதை மெய்யென்று ஏற்பது. தைரியமாகச் சார்ந்திருப்பதற்கு 'கோன்ஃபீதெரே' இன்னும் பொருத்தம் என்றார் ஃபாதர். அந்த வடிவத்தை எழுதிப் பார்த்தேன். ஆங்கிலம் தெரிந்த எவரும் அதை 'கன்ஃபைட்', அதாவது 'ரகசியத்தைச் சொல்' என்றே படிப்பார்கள். எழுத்து அப்படியே ஒன்று! என் அலுவலகத்தில் நாளைக்கு மூன்று பேர் வந்து ரகசியம் கேட்பார்கள். அதனால் 'க்ரேதெ'யிலேயே நின்றுவிட்டேன். அவரும் அதில் தப்பில்லை என்றார். உங்கள் வரியையும் லத்தீன் தெரியாத ஒருவரிடம் காட்டி, 'பார்த்ததும் என்ன தோன்றுகிறது?' என்று கேட்டுவிடுங்கள்.

கட்டளை வரிகளில் எண்ணையும் கவனியுங்கள். 'அஞ்சாதே' ஒருவருக்கு 'நோலி திமேரே', பலருக்கு 'நோலிதே திமேரே'. நடுவில் இரண்டே எழுத்துதான் வித்தியாசம்.

5. இரண்டு மனிதர்களிடம் காட்டுங்கள், தனித்தனியாக

மொழிபெயர்ப்பானில் லத்தீனைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல. வேற்றுமை தப்பாக இருந்தாலும் அது உத்தேசமாகப் புரிந்துகொண்டு நல்ல ஆங்கிலம் கொடுத்துவிடும். என்னை ஏமாற்றியது அதுதான்.

யாரிடம் போவது? திருச்சபைச் சட்டத்தில் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குருக்களுக்கு லத்தீன் கட்டாயப் பாடம். குருமடங்களில் லத்தீன் கற்பிப்பவர்களும் உண்டு. உங்கள் ஊர்ப் பங்குத்தந்தைக்கே தெரியாவிட்டாலும், தெரிந்தவர் யார் என்று தெரியும். பச்சை குத்தத்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிலருக்குப் பிடிக்காது, மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். இணையத்தில் லத்தீன் படிப்பவர்கள் கூடும் குழுக்களிலும் மொழிபெயர்ப்புக் கேள்விகளுக்கென்றே தனி இடம் வைத்திருக்கிறார்கள். இலவசம்தான், ஆனால் முதலில் வரும் பதிலை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு நாள் பொறுத்தால் அந்தப் பதிலைத் திருத்துகிறவர் வருவார்.

டாக்டர், வக்கீல் இருவரிடமும் கேட்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது லத்தீன் சொற்றொடர்கள்; இலக்கணம் அல்ல. தாவரவியல் பேராசிரியர் கொஞ்சம் மேல். 2011 முடியும் வரை புதுத் தாவரத்துக்கு லத்தீனில் விவரிப்பு எழுதியாக வேண்டும் என்பது விதி. ஆனால் இலை நீள்வட்டம், பூ வெள்ளை என்று எழுதப் பழகியவரிடம் 'நம்பு' என்ற ஏவலைக் கேட்பது நியாயமில்லை.

கேட்கும் முறைதான் இதில் சூட்சுமம். முதலாமவரிடம் தமிழ் வரியையும் அதன் பக்கத்தில் எழுதிய பதில்களையும் கொடுத்து லத்தீன் கேளுங்கள். இரண்டாமவரிடம் வெறும் லத்தீனை மட்டும் கொடுத்து, "இதற்கு என்ன அர்த்தம் வருகிறது?" என்று கேளுங்கள். உங்கள் நோக்கத்தைச் சொல்லாதீர்கள். அவர் சொல்வது உங்கள் தமிழ் வரியோடு பொருந்தினால் வேலை முடிந்தது. காசு கொடுத்துச் செய்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி வடிவம் என்ன, இப்போது எந்த வடிவத்தில் நிற்கிறது, ஏன், என்று எழுத்தில் வாங்குங்கள். விளக்கம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. என் 1,200 ரூபாய் அப்படித்தான் கரைந்தது. ஃபாதர் பைசா வாங்கவில்லை.

இந்தக் கட்டத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினால் 'சரி' என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும்.

6. எழுத்தை முடிவு செய்யுங்கள்

ரோமானியக் கல்வெட்டுகளில் இருப்பது பெரிய எழுத்துகள் மட்டுமே. அதில் 'யு' கிடையாது. அந்த ஒலிக்கும் 'வி' எழுத்தையே போடுவார்கள். 'ஜே'யும் 'டபிள்யூ'வும் இல்லை. நீங்கள் கல்வெட்டுத் தோற்றத்தில் போட்டால் எல்லா 'யு'வும் 'வி'யாக வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் 'யு'வாகவே இருக்கலாம். இரண்டும் சரி. ஒரே வரியில் இரண்டையும் கலப்பதுதான் தப்பு. கல்வெட்டுச் சாயலுக்கு ட்ரேஜன் என்ற எழுத்துரு எளிதாகக் கிடைக்கும். அகராதிகளில் உயிரெழுத்துகளின் தலையில் இருக்கும் நெடில் கோடு படிப்பவர் வசதிக்காகப் போட்டது, தோலுக்கு வேண்டாம்.

பழைய ஐரோப்பியக் கையெழுத்துப் போன்ற கூரான காத்திக் எழுத்துருவைக் கலைஞர்கள் ஆசையாகக் காட்டுவார்கள். அதில் 'எம்', 'என்', 'யு', 'ஐ' நான்கும் அடுத்தடுத்து வந்தால் வேலிக் கம்பி மாதிரிதான் இருக்கும். நான் வேண்டாம் என்பேன். எந்த எழுத்தானாலும் ரொம்பச் சின்னதாக்காதீர்கள். வருடம் போகப் போக மை தோலுக்குள் கொஞ்சம் பரவும். சிறிய 'ஈ', 'ஏ' இவற்றின் வயிறு அடைபட்டுப் போகும். என் எழுத்து கால் அங்குல உயரம்.

முடிவான வரியை ஒரு தாளில் பெரிதாக அச்சிட்டுக் குளிர்பெட்டிக் கதவில் இரண்டு வாரம் ஒட்டிவையுங்கள். அந்த இரண்டு வாரத்தில் சலித்துவிட்டால் லாபம்தான்.

7. ஸ்டுடியோவில்

வரியை வாட்ஸாப்பில் தட்டச்சு செய்து அனுப்பவே அனுப்பாதீர்கள். என் 'திபி' அவர்களுடைய கணினியில் தானாகத் திருத்தப்பட்டு 'டிபியா' ஆகியிருந்தது, கால் எலும்பு! படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ அனுப்பி, அச்சிட்ட தாளையும் கையில் கொண்டுபோங்கள். வயதுக்கு அடையாள அட்டை வேண்டும். நல்ல இடங்களில் 18 நிரம்பாதவர்களுக்குப் போட மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதே படிவத்தின் பின்னால் வரியை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம் என்று நான் கேட்டேன். மறுக்கவில்லை.

ஸ்டென்சில் ஒட்டியதும் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு. நேராகப் படித்தால் கண் தானே சரிசெய்துகொண்டு போய்விடும். செல்ஃபியில் பார்க்காதீர்கள், சில ஃபோன்களில் வலம் இடம் மாறியிருக்கும்.

நான் விசாரித்த மூன்று இடங்களில் சதுர அங்குலத்துக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை சொன்னார்கள். எனக்கு மொத்தம் 4,500 ஆனது. ஊசியை உறை பிரித்து உங்கள் கண்முன் எடுக்கிறார்களா என்று பாருங்கள். ராணுவம், காவல்துறை வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், உடலில் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று அந்தந்த அறிவிக்கையில் இருக்கும் விதியைப் படித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ரத்ததானம் செய்கிறவர் என்றால் குத்துவதற்கு முன் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். பின்னால் 12 மாதம் எடுக்க மாட்டார்கள்.

8. ஏற்கெனவே தப்பாகக் குத்தியாகிவிட்டதா?

லேசரில் அழிக்க ஒருமுறை போய் வந்தால் போதாது. பல தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி. செலவு டாட்டூவைப் போலப் பல மடங்கு. அதற்கு முன் ஒரு வழியைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருந்தால் சில எழுத்துகளைக் கோடு சேர்த்தே வேறு எழுத்தாக்கலாம்: 'எஃப்'பை 'ஈ' ஆக்கலாம், 'ஐ'யை 'எல்' ஆக்கலாம், 'சி'யை 'ஜி' ஆக்கலாம், 'பி'யை (பெங்களூருவின் பி அல்ல, பழனியின் பி) 'ஆர்' ஆக்கலாம். வரியின் கடைசியில் எழுத்துச் சேர்க்கவும் இடம் இருக்கும். எடுக்கத்தான் முடியாது. தப்பு சொல்லின் வாலில் இருந்தால், எந்த வடிவத்துக்கு மாற்றினால் கோடு சேர்த்தாலே போதும் என்று லத்தீன் தெரிந்தவரிடமே கேளுங்கள். வரியின் பொருளைக் கொஞ்சம் நகர்த்தியாவது காப்பாற்றித் தருவார். என் முதல் வரிக்கு அந்த வழியும் இருந்திருக்காது. இரண்டெழுத்து 'தே'யை நாலெழுத்து 'திபி' ஆக்க நடுவில் இடம் ஏது?